காற்றுக்கும் தபால் கூலி

பெட்டி மட்டும் 440 கிராம். அதற்குள் இருந்த 110 அட்டைகளும் சேர்ந்து 187 கிராம். இரண்டையும் என் கடைத் தராசில் தனித்தனியாக நிறுத்துக் காட்டிய பிறகுதான் என் அக்கா மகன் அடங்கினான். அதுவரை, "ஒன்றரைக் கிலோ விளையாட்டுப் பெட்டிக்குக் கூரியர்ல மூன்றரைக் கிலோவுக்குக் காசு கேக்கிறாங்க மாமா, பகல் கொள்ளை" என்று குதித்துக்கொண்டிருந்தான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை. பள்ளிப் பயிற்சித்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், அடையாள அட்டை நகல் என்று ஓடுகிற கடை. இரண்டு வருடமாக, கடை அடைத்த பிறகு அங்கே ஒரு பலகை விளையாட்டு உருவாகிக்கொண்டிருந்தது. விளையாட்டு நடக்கும் இடம் பால்மரக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். ஆளுக்கு ஒரு நிரை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மரம் வெட்டி (பட்டையைக் கீறுவதைத்தான் அப்படிச் சொல்வோம்), மழை வருவதற்குள் மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோரில் நிறுக்க வேண்டும். மழை அட்டை விழுந்தால் மங்கில் கிடப்பதெல்லாம் போச்சு. அவன் பாட்டி நாற்பது வருடம் செய்த வேலை. அவன் பார்த்து வளர்ந்தது என்னவோ செம்பனைதான்.

அட்டைகளை என் மெஷினில் அச்சடித்தோம். பலகையைத் தடித்த சாம்பல் அட்டையில் ஒட்டினோம். மங்கில் சேரும் பாலுக்கு அடையாளமாக 60 ரப்பர் கொட்டைகள். ஜெர்மனியில் ஒரு பதிப்பகம், விதிகளைப் படித்துவிட்டு, "மாதிரியை அனுப்புங்கள், விளையாடிப் பார்க்கிறோம்" என்று எழுதியது. அன்றைக்கு வீட்டில் பாயசம். மறுநாள் கூரியர் கடையில் விலை கேட்டான். விளையாட்டைச் செய்ய ஆன செலவைவிட அனுப்பும் செலவு இரண்டு மடங்குக்கு மேல் வந்தது.

இந்தக் கட்டுரையில் வெள்ளிக் கணக்கில் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) கட்டணங்களை எழுதப் போவதில்லை. கூரியர்களின் எரிபொருள் கூடுதல் கட்டணம் அடிக்கடி மாறுகிறது. இன்று எழுதினால் நீங்கள் படிக்கும்போது பொய்யாகியிருக்கும். மாறாதது, அந்தக் கட்டணம் எங்கிருந்து முளைக்கிறது என்ற கணக்கு. அது தெரிந்தால் பாதியை நம் வீட்டு மேசையிலேயே குறைத்துவிடலாம்.

கூரியர் நிறுவனங்கள் இரண்டு எடை பார்க்கும். ஒன்று தராசு காட்டுவது. இன்னொன்று, பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதிலிருந்து வருவது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000-ஆல் வகுத்தால் கிடைப்பதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் மூன்றும் வெளிநாட்டு அனுப்புதலுக்கு இந்த 5000-ஐத்தான் வைத்திருக்கின்றன. விமானச் சரக்கு ஏஜெண்டுகளிடம் போனால் 6000. தராசு எடை, கன அளவு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம்.

எங்கள் பெட்டி 30 × 30 × 7 செ.மீ. கடைகளில் விற்கும் குடும்ப விளையாட்டுகள் பலவும் ஏறக்குறைய இந்த அளவில் இருப்பதால் இவனும் அதையே செய்திருந்தான். பெருக்கினால் 6300, கன அளவு எடை 1.26 கிலோ. தராசிலும் 1.2 கிலோ. இதுவரைக்கும் சண்டையில்லை. ஆனால் மூலை நசுங்கக்கூடாதென்று சுற்றிலும் பபிள் ரேப் வைத்து வெளிப்பெட்டிக்குள் போட்டதும் 36 × 36 × 12 ஆகிவிட்டது. 15,552. ஐயாயிரத்தால் வகுத்தால் 3.11. அரைக் கிலோ படிகளாக ஏற்றுவதால் 3.5. நான்கு பக்கமும் 3 செ.மீ., மேலும் கீழும் இரண்டரை, அவ்வளவுதான் கூட்டினோம். கன அளவு இரண்டரை மடங்காகிவிட்டது. தராசில் வெளிப்பெட்டியோடு சேர்த்தே 1.6 கிலோதான். மிச்ச எடை முழுக்கக் காற்று.

கொள்ளை என்று சொல்லத் தோன்றும். ஆனால் பஞ்சு மூட்டை ஏற்றும் லாரிக்காரனும் இதே கணக்கைத்தான் போடுவான். விமானத்தின் வயிறு எடை தாங்காமல் போவதற்கு முன்பே இடமில்லாமல் நிரம்பிவிடுகிறது.

அப்புறம் அதே பெட்டியைத் தபால் கண்ணால் பார்த்தோம். கடித வகையில் சேரும் சிறு பொட்டலத்துக்கு அனைத்துலக அஞ்சல் விதிப்படி எல்லை 2 கிலோ. நீளம், அகலம், உயரத்தைக் கூட்டினால் 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் 60 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. எங்களுடையது 36, 36, 12, ஆக 84. ஆறு சென்டிமீட்டரில் தப்பித்தது. இந்த வகையில் பார்ப்பது தராசு எடைதான். ஒரே பெட்டி, ஒரு கவுண்டரில் 1.6 கிலோ, இன்னொரு கவுண்டரில் 3.5 கிலோ. (தபாலிலும் விரைவுச் சேவை எடுத்தால் கன அளவு பார்க்கும் இடங்கள் உண்டு. எந்தச் சேவை என்பதைக் கேட்டு வாங்குங்கள்.)

சரி, தபாலில் மட்டும் ஏன் மலிவாக இல்லை? சின்ன வயதில் அப்பா தமிழ்நாட்டுக்கு எழுதிய நீல ஏரோகிராம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உள்ளே எதுவும் வைக்கக்கூடாது. மடிக்கும் ஓரம் வரை பொடி எழுத்தில் நிரப்புவார். அவ்வளவு மலிவாகக் கடல் கடந்த காகிதம் போன தபாலில், இன்று ஒரு பொட்டலத்துக்கு ஏன் இவ்வளவு?

1874-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் உலக அஞ்சல் ஒன்றியம்; இன்று 192 நாடுகள். அன்றைய ஏற்பாடு எளிமையானது. தபால்தலை விற்ற நாடு காசு முழுவதையும் வைத்துக்கொள்ளும். கடிதம் போய்ச் சேரும் நாடு அதை இலவசமாக வீட்டில் கொடுக்கும். ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும், கடைசியில் கணக்கு நேராகிவிடும் என்பது நம்பிக்கை. வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு விளையாட்டு எழுதி அனுப்புகிறவர்கள் யாரும் இதைப் படித்தால் சிரித்துவிடுவார்கள். என் அக்கா மகன் எழுதிய பதினொரு மின்னஞ்சலுக்கு இரண்டு பதில்.

பதில் கடிதம் சம அளவில் வராத நாடுகள் முணுமுணுக்க ஆரம்பித்தன. 1969-இல் தோக்கியோ மாநாட்டில், அதிகம் அனுப்பும் நாடு, பெறும் நாட்டுக்குப் பட்டுவாடாச் செலவில் ஒரு பங்கு தரவேண்டும் என்று முடிவானது. அது முதல் நாம் கவுண்டரில் கட்டும் காசு மூன்றாகப் பிரிகிறது: இங்கே வாங்கிப் பிரித்து அடுக்கும் கூலி, விமானக் கூலி, அங்கே வீட்டுக்குக் கொண்டுபோகும் கூலி. மூன்றாவது பங்கு நம் கையிலும் இல்லை, நம் தபாலாபீஸ் கையிலும் இல்லை. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பங்கு 'உருப்படிக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு' என்று இரண்டாகச் சேர்த்துப் போடப்படுகிறது. எடையைப் பாதியாக்கினால் கட்டணம் பாதியாகாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒரு பொட்டலத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்.

இந்தப் பங்கீட்டில் ஆசியாவிலிருந்து போகும் சிறு பொட்டலங்களுக்குச் சலுகை அதிகம் என்று அமெரிக்கா கோபித்துக்கொண்டு, ஒன்றியத்தைவிட்டே விலகுவதாக 2018 அக்டோபரில் அறிவித்தது. 2019 செப்டம்பரில் ஜெனிவாவில் அவசர மாநாடு. பெறும் நாடு தன் பட்டுவாடாக் கூலியைத் தானே அறிவிக்கலாம் என்று சமாதானம் ஆனது. அமெரிக்கா 2020 ஜூலையிலிருந்து அப்படிச் செய்கிறது. அதற்கு முந்தைய காலத்தில் அனுப்பியவர்கள் சொல்லும் விலையை வைத்து இன்று பட்ஜெட் போடாதீர்கள்.

ஊர்ப்பெருமை ஒன்று இடையில் சொல்லிக்கொள்கிறேன். இந்த நாட்டில் அஞ்சல் துறை அமைச்சராக இருந்த தமிழர் எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். துன் வீ. தி. சம்பந்தன் 1959-இல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சரானார். 1960-களில் அந்தப் பொறுப்பில் இருந்தார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலுக்கு எதிராகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கியதற்காகத்தான் அவரை நம்மவர்கள் நினைப்பார்கள். தபால் அமைச்சர் என்பது பலருக்கு மறந்தே போயிற்று. அப்போதெல்லாம் தோட்டத்துக் கடிதம் லயத்து வீட்டுக்கு நேராக வராது. தோட்ட ஆபீசுக்கு மொத்தமாக வரும். கிராணி (தோட்ட எழுத்தர்) பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். தெருப்பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத முகவரி. இன்றும் அந்தப் பழக்கத்தில் தோட்டத்துப் பேரை மட்டும் எழுதி அனுப்புநர் முகவரி என்று கொடுக்கிறவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பொட்டலத்தில் அது ஆபத்து. திரும்பி வர நேர்ந்தால் 31100 என்ற அஞ்சல் எண்ணும், ஒரு வீட்டு எண்ணும், ஒரு கைப்பேசி எண்ணும் வேண்டும். எங்கள் பொட்டலத்தில் கடை முகவரியைத்தான் போட்டோம்.

இப்போது கொட்டைக்கு வருகிறேன். செலவைவிட எனக்கு அதிகம் யோசனை கொடுத்தது அதுதான்.

ரப்பர் காய் வெயிலில் 'டப்' என்று வெடித்து மூன்று கொட்டைகளை வீசும் சத்தம் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் மறக்காது. சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்து அலறவிட்டவர்கள்தானே நாமெல்லாம். பிளாஸ்டிக் காயைவிட விளையாட்டுக்கு அதுதான் உயிர் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். பார்க்கவும் அழகு, ஒவ்வொன்றிலும் ஒரு வரி, ஒரு புள்ளி. ஒரு கொட்டை சுமார் 4 கிராம் என்றால் அறுபதுக்கு 240 கிராம். அட்டைகளைவிடக் கனம். எடை போகட்டும். சுங்கப் படிவத்தில் 'விதை' என்ற சொல் விழுந்தவுடன் பொட்டலம் வேறு வரிசைக்குப் போய்விடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல் உயிருள்ள தாவரப் பகுதிகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும், நடவுக்கான விதை உட்பட, ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். "இது காய்ந்த கொட்டை, வார்னிஷ் அடித்தது, முளைக்காது" என்று நாம் சொல்லலாம். எக்ஸ்ரேயில் பார்க்கிற அதிகாரிக்கு அது தெரியாது. அவர் பிரிப்பார், நிறுத்திவைப்பார், அழிப்பார். ஆஸ்திரேலியா இதில் இன்னும் கண்டிப்பு. அங்கே படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாமே என்று அக்கா சொன்னாள். விமானத்திலிருந்து இறங்கும்போது விதை, மரப்பொருள் இருக்கிறதா என்று கேட்டு எழுதிவாங்கும் நாடு அது. இல்லையென்று எழுதி மாட்டிக்கொண்டால் அபராதம் அந்தப் பிள்ளைக்கு. வேண்டாம் என்றேன்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் தாத்தாக்களைக் கப்பலேற்றி இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மரமே தபாலில் வந்த விதைதான், கிட்டத்தட்ட. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். பேசிய கூலி ஆயிரம் விதைக்கு 10 பவுன். ரப்பர் விதை சில வாரங்களில் செத்துவிடும் சாதி; அவ்வளவிலும் முளைத்தது சுமார் 2,700. மறு ஆண்டு அந்த வழியில் வந்த 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது எங்கள் மாவட்டத் தலைநகரான கோல கங்சாரில் நடப்பட்டன. அன்று கேள்விமுறை இல்லாமல் மூட்டை மூட்டையாகக் கடல் கடந்த கொட்டை, இன்று அறுபதைக் கூட உறையில் வைக்க முடியவில்லை. நியாயம் என்னவென்றால், ஒரு கொட்டையோடு ஒரு பூஞ்சையும் கடல் கடக்கலாம். பிரேசிலில் ரப்பர்த் தோட்டங்களைத் தலையெடுக்கவிடாமல் செய்த இலைக்கருகல் நோய் இன்னும் மலேசியாவுக்குள் வரவில்லை. வந்தால் கதை முடிந்தது என்று நம் அதிகாரிகளும் பிரேசில் பக்கத்துப் பொட்டலங்களைப் பயந்து பயந்துதான் பார்க்கிறார்கள். அடுத்த நாட்டுக்காரன் நம் கொட்டையைப் பார்த்துப் பயந்தால் தப்பா?

மரப்பெட்டி யோசனையும் அதோடு போயிற்று. அக்கா வீட்டுக்காரர் தச்சுவேலை தெரிந்தவர். பழைய பலகையில் அழகாக ஒரு பெட்டி அடித்துத் தருகிறேன் என்றார். அடைத்து அனுப்பும் பதப்படுத்தாத மரப்பலகை 6 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால், உள்மையம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தோ புகையூட்டியோ முத்திரை வாங்கியிருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. ஒட்டுப்பலகைக்கு விலக்கு உண்டு. நாங்கள் இரண்டையும் தொடவில்லை.

அடுத்தது சுங்கப் படிவம். இங்கேதான் நம்மவர்கள் கெட்டிக்காரத்தனம் காட்டப்போய்ச் செலவைக் கூட்டிக்கொள்கிறார்கள். 300 சிறப்பு எடுப்பு உரிமை (உலக நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது) மதிப்பு வரை சிஎன் 22 என்ற சின்னப் படிவம். அதற்கு மேல் சிஎன் 23. பேனாவால் எழுதி ஒட்டினால் போதும் என்ற காலம் முடிந்தது. 2021-இன் தொடக்கத்திலிருந்து, பொருள் உள்ள பொட்டலங்களின் விவரம் விமானம் ஏறுவதற்கு முன்பே மின்னணுத் தகவலாகப் போய்ச் சேர வேண்டும். 'கேம்' என்று ஒற்றைச் சொல் எழுதினால் போதாது. காகிதத்தால் செய்த பலகை விளையாட்டு மாதிரி, இத்தனை அட்டைகள், மலேசியாவில் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதி, 9504.90 என்ற சுங்க எண்ணையும் போடுங்கள். சீட்டுக்கட்டு மட்டும் என்றால் 9504.40.

'அன்பளிப்பு' என்று எழுதுவதுதான் நம் ஊர் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரையும் பிரிட்டனில் 39 பவுன் வரையும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அது ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு அனுப்புவதற்கு. பெறுநர் என்ற இடத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டு அன்பளிப்பு என்று போட்டால் படிவமே நம்மைக் காட்டிக்கொடுக்கும். முன்பு 22 யூரோவுக்குக் கீழ் எது போனாலும் மதிப்புக்கூட்டு வரி கிடையாது என்றிருந்தது. 2021 ஜூலை 1-இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.

மதிப்பு எவ்வளவு எழுதுவது? என் அக்கா மகன் இரண்டு வருட உழைப்பு என்று சொல்லி 2,000 வெள்ளி எழுதப் பார்த்தான். விற்பனைச் சரக்காக அதைப் பார்த்தால் ஜெர்மனியில் 19 சதவீத வரி. 2,000-க்கு 380 வெள்ளி. வரி போடும்போது தபால் செலவையும் மதிப்போடு சேர்த்துக்கொள்வார்கள் என்பதால் இன்னும் கூடும். 150 யூரோவைத் தாண்டியதால் முழுச் சுங்கப் பதிவும் வேண்டும். காகிதம், மை, அட்டை, பசை என்று உண்மையில் ஆன செலவு 80 வெள்ளி. அதை எழுதினால் வரி 15 வெள்ளி 20 காசு. பூஜ்யம் என்றும் எழுதாதீர்கள். மதிப்பே இல்லாத பொருளை யாரும் இவ்வளவு தபால் செலவு செய்து அனுப்பமாட்டார்கள் என்பது சுங்க அதிகாரிக்கும் தெரியும்.

எவ்வளவு சிறிய தொகையானாலும் வரியை வாசலில் கேட்பது பெறுநரிடம். அதோடு கையாளும் கட்டணம் வேறு. நம்மை அறியாத ஒரு பதிப்பக ஊழியர், நம் பொட்டலத்தை வாங்கத் தன் பையிலிருந்து காசு எடுக்க வேண்டும். பலர் வாங்காமலே திருப்பிவிடுவார்கள். கூரியரில் அனுப்பினால் 'வரியையும் நானே கட்டுகிறேன்' என்ற ஏற்பாட்டை எடுக்கலாம். அதற்கும் கூலி உண்டு. எதை எடுத்தாலும், அனுப்புவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் எழுதி "வரி வந்தால் யார் கட்டுவது" என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் வெட்கமில்லை. அவர்களுக்கு அது தினசரிக் கேள்வி.

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 முதல் 800 டாலருக்குக் கீழ் உள்ள பொட்டலம் எதுவும் அங்கே வரியில்லாமல் நுழைந்தது. 2025 ஆகஸ்ட் 29-இல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. 100 டாலர் வரையான உண்மையான அன்பளிப்புக்கு மட்டும் விலக்கு. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாமல் 88 அஞ்சல் நிறுவனங்கள் முழுவதுமாகவோ பகுதியாகவோ சேவையை நிறுத்திவைத்தன. ஒரே வாரத்தில் அமெரிக்காவுக்குப் போகும் தபால் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்ததாக உலக அஞ்சல் ஒன்றியம் சொன்னது. இந்த விதிகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன. அனுப்பும் அன்று காலையில் கேட்டுக்கொண்டு போங்கள்.

திரும்பி வரும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் மாதிரி திரும்பி வருமா? பெரும்பாலும் வராது, வேண்டுமென்றால் காசு நம்முடையது. அங்கிருந்து இங்கே வரும் கட்டணம், இங்கிருந்து போனதைவிடக் கூடுதலாக இருக்கும். அமெரிக்கா 2007 மே மாதத்திலேயே கப்பல் வழி வெளிநாட்டுத் தபாலை நிறுத்திவிட்டது. அங்கிருந்து எதுவானாலும் விமானம்தான். ஒரு காலத்தில் பதிலுக்கான தபால் செலவை முன்கூட்டியே கட்டி அனுப்ப ஒரு வழி இருந்தது. 1906 ரோம் மாநாட்டில் வந்த அனைத்துலகப் பதில் கூப்பன். கூப்பனை வாங்கிக் கடிதத்தோடு வைத்தால் அங்கே அதைக் கொடுத்துத் தபால்தலை வாங்கிக்கொள்ளலாம். நாட்டுக்கு நாடு இருந்த விலை வித்தியாசத்தைச் சொல்லித்தான் 1920-இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்ஸி ஊரை ஏமாற்றினார். இன்றைக்கும் அந்த வகை மோசடிக்கு அவர் பேர்தான். எப்படியும் அந்தக் கூப்பன் ஒரு கடிதத்துக்குத்தான் காணும். ஆகவே ஒரே ஒரு பிரதியை அனுப்பாதீர்கள். இரண்டாவது பிரதி வீட்டில் இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான பதிப்பகங்கள் முதலில் பொட்டலத்தையே கேட்பதில்லை. ஒரு பக்க விளக்கத்தாள், விதிகள், மூன்று நிமிட வீடியோ. பிடித்திருந்தால் டேபிள்டாப் சிமுலேட்டர், டேபிள்டோப்பியா மாதிரி இணைய மேசையில் ஒரு ஆட்டம். அதையும் தாண்டி வந்தவைதான் பெட்டியாகப் பயணம் போகின்றன. கேட்பதற்கு முன்பே அழகான பெட்டி செய்து அனுப்புகிறவர்கள், பெண் பார்க்க வருமுன் பந்தல் போடுகிறவர்கள். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் நடக்கும் 'ஷ்பீல்' கண்காட்சிக்கு அக்டோபரில் இங்கிருந்து யாராவது போனால் அவர்கள் பையில் ஓரிடம் கேட்கலாம். "யாராச்சும் போறாங்களா?" என்ற நம் பழைய தபால் சேவைக்கு இன்றும் ஈடில்லை. கொட்டை மட்டும் வைக்காதீர்கள்.

அச்சுக்கான கணினிக் கோப்பை மட்டும் அனுப்பி அங்கேயே அச்சிடச் சொல்வது இன்னொரு வழி. ஏ4 தாளில் ஒன்பது அட்டை பிடிக்கும். 110 அட்டைக்கு 13 தாள். செலவு சுழி. ஆனால் 110 அட்டையையும் யார் உட்கார்ந்து வெட்டுவது? நான் அந்தத் தொழிலில் இருப்பவன், சொல்கிறேன்: முதல் இருபதோடு கை வலித்து, கோப்பை மூடிவிடுவார்கள். கேட்ட பதிப்பகத்துக்கு வெட்டிய அட்டையை அனுப்புவதுதான் மரியாதை என்பது என் கட்சி.

ஆக, நாங்கள் பெட்டியைக் கழற்றினோம். 440 கிராம் போயிற்று. 50 × 50 செ.மீ. பலகை சாம்பல் அட்டையில் 310 கிராம். அதையே 300 ஜிஎஸ்எம் தாளில் அச்சடித்து நான்கு சதுரங்களாக வெட்டினால் 75 கிராம். நான்கையும் சேர்த்து வைத்தால் அதே பலகைதான். அதில் ஒரு லாபமும் உண்டு. நம் ஊர் ஈரத்தில் ஒட்டிய சாம்பல் அட்டை, ஐரோப்பாவின் காய்ந்த குளிர்கால அறையில் அப்பளம் மாதிரி வளையும். மெல்லிய தாளை ஒரு கண்ணாடிக்கு அடியில் வைத்தாலே படிந்துவிடும். பகடைகளை எடுத்துவிட்டோம். விளையாட்டுப் பதிப்பகத்தில் பகடை இல்லாமலா இருக்கும்? அட்டைகளை ஒரே கட்டாக வைக்காமல் நான்கு கட்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால் உயரம் ஒரு சென்டிமீட்டர். விதிகள் நான்கு தாள், 20 கிராம். மேலும் கீழும் பழைய பால்டின் அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய நெளி அட்டை. உறை 33 × 27 × 2 செ.மீ. மொத்தம் 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கூரியர் கணக்கில் பார்த்தாலும் கன அளவு எடை 0.36 கிலோ, 3.5 கிலோ படி அரைக் கிலோ படிக்கு இறங்கிவிட்டது. தபாலில், கண்காணிப்பு எண்ணோடு அனுப்பினோம். அந்த எண்ணுக்குக் கூடுதல் காசுதான். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மூன்று வாரம் இவன் என் கடையில் வந்து உட்கார்ந்து புலம்புவதைவிட அது மலிவு.

கொட்டைக்குத்தான் கடைசிவரை மனசு வரவில்லை அவனுக்கு. ஒரு அட்டையில் ரப்பர் கொட்டையின் படத்தைப் பெரிதாக அச்சடித்தான். விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில், "விளையாடத் தேவையானவை" என்ற இடத்தில், "உங்கள் சமையலறையிலிருந்து 60 பயறு, பட்டாணி அல்லது பொத்தான்" என்று எழுதினான். நான் 'அவரைக்கொட்டை' என்று சேர்க்கச் சொன்னேன், அளவு ஒத்துவரும்.

பழைய பெட்டி என் கடை மேசையடியில் இருக்கிறது. மாலையில் டியூஷன் முடிந்து நகல் எடுக்க வரும் பிள்ளைகள் அதை இழுத்துப்போட்டு விளையாடுகிறார்கள். மழை அட்டை அடுக்கில் மூன்று கூடுதலாக இருக்கிறது, யாரும் ஸ்டோர் வரை போய்ச் சேருவதில்லை என்று ஆறாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். ஜெர்மனிக்குப் போன உறையில் அந்த மூன்றும் இருக்கின்றன. கொட்டைகள் இப்போது ஐம்பத்தேழு.